எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள்

சுலோசனா டீச்சருக்குச் சினிமாவே ஆகாது என்று ஊரில் பேச்சு கிளம்பியபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அவள் பாதி வளர்ந்ததே சினிமாக் கொட்டகையில்.

அவளுடைய அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து, ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மேட்னிக்கும் ஃபர்ஸ்ட் ஷோவுக்கும் நடுவில்தான் அவருக்குச் சாப்பிட நேரம். பள்ளிக்கூடம் விட்டு சுலோசனா தூக்குவாளியோடு போய்ச் சேரும்போது இடைவேளை முடிந்திருக்கும். ஆட்கள் வெளியே வரும்வரை கதவுத் திரையை விலக்கிக்கொண்டு நின்று பார்ப்பாள். இப்படி எத்தனையோ படங்களின் பின்பாதி மட்டும் அவளுக்குத் தெரியும். வில்லனுக்கு ஏன் இத்தனை கோபம், அம்மா ஏன் ஜெயிலில் இருக்கிறாள் என்பதையெல்லாம் தானாகவே இட்டுக்கட்டிக்கொள்வாள். பிறகு யாராவது முழுக்கதையைச் சொன்னால், தன்னுடைய முன்பாதிதான் நன்றாக இருந்தது என்று சண்டை பிடிப்பாள்.

ஒன்பதாம் வகுப்பில் சரித்திரப் பரீட்சைத்தாளைக் கொடுக்கும்போது டீச்சர் அவளை நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"கொட்டகையிலயே குடியிருக்கிற பொண்ணுக்கு இவ்ளோ மார்க்கு எங்கேருந்து வந்துச்சு? யாரைப் பாத்து எழுதுன?"

"கேள்வி கேளுங்க டீச்சர். இங்கயே பதில் சொல்றேன்" என்றாள் சுலோசனா.

டீச்சர் கேட்டார். அவள் சொன்னாள். சொன்ன பிறகும் டீச்சரின் முகத்திலிருந்து சந்தேகம் போகவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அழுதபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கும் கேப்பாங்க. நாளைக்கும் சொல்லு."

அந்தப் பெண் படித்து, சரித்திரத்தில் எம்.ஏ. முடித்து, அரசுப் பள்ளியில் வேலைக்கு வந்தாள். இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கணவர் வெற்றிவேல் புதுச்சேரி கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். சுலோசனாவுக்குப் பேச்சில் வேகம், விட்டுக்கொடுக்காத குணம், வகுப்பில் யாரையும் அடிக்காத கை. உப்பளம் பகுதிப் பெண்கள் பள்ளியில் அவளை இப்படித்தான் எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த சரித்திரப் படம் எதுவாக இருந்தாலும் அதை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு வருவாள். அதில் எது நிஜம், எது கதைக்காகச் சேர்த்தது என்று புத்தகத்தை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கச் சொல்லுவாள். தமிழாசிரியர் சுப்பிரமணியனுக்கு இது பிடிக்காது.

"சினிமா பாத்துப் பாத்துதான் இதுங்க கெட்டுப் போவுதுங்க. நீங்க வேற அதைக் கிளாஸ்லயே பேசுறீங்க."

"நான் பேசலன்னா மட்டும் பாக்காம இருக்கப் போவுதுங்களா சார்? பாக்குறதுதான் பாக்குதுங்க, முழிச்சிக்கிட்டுப் பாக்கட்டுமே."

போன வருடம் அந்தப் படம் வந்தது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுதலை பெற்ற கதை என்று விளம்பரம். கடற்கரைச் சாலையை அடைத்துப் போட்டு எடுத்தார்கள். உப்பளத்தில் பாதிப் பேர் கூட்டத்தில் நின்று கோஷம் போட்டிருந்தார்கள். கதாநாயகன் மீனவ இளைஞன். தனியாளாகக் கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறிப் பிரெஞ்சுக் கொடியைக் கிழிக்கிறான். சிப்பாய்கள் சுடுகிறார்கள். தோளில் குண்டு வாங்கிக்கொண்டே நம் கொடியைக் கட்டுகிறான். விடியும்போது கவர்னர் தலையைக் குனிந்துகொண்டு கப்பலில் ஏறுகிறார். பிள்ளைகள் இரண்டு தரம், மூன்று தரம் பார்த்தார்கள். சுலோசனாவும் பார்த்தாள். கொடி ஏறும் இடத்தில் அவளும் அழுதாள்.

நவம்பர் முதல் தேதி புதுவையின் விடுதலை நாள். அதற்காக அக்டோபரில் பள்ளியில் கட்டுரைப் போட்டி நடத்துவார்கள். தலைப்பு வருடா வருடம் ஒன்றுதான்: புதுச்சேரி விடுதலை பெற்ற கதை. திருத்துவது சுலோசனா. அந்த வருடம் பதினோராம் வகுப்புத் தாள்களைப் பிரித்தவள் திகைத்துப் போனாள். எல்லாத் தாளிலும் கலங்கரை விளக்கம் இருந்தது. எல்லாத் தாளிலும் தோளில் குண்டு பாய்ந்தது. ஒருத்தி, "அப்போது பின்னணியில் வயலின் சோகமாக ஒலித்தது" என்றே எழுதியிருந்தாள்.

முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருடமும் இதே தலைப்புக்கு அவளுக்கு வந்ததெல்லாம் கைடைப் பார்த்துக் காப்பியடித்த அரைப்பக்கம். இப்போது நாலு பக்கம், ஐந்து பக்கம். கோபம் இருந்தது, கண்ணீர் இருந்தது, நல்ல தமிழ்கூட இருந்தது. நடந்தது மட்டும் ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னாள். "யாருக்கும் பரிசு இல்ல."

அறிவுமதி எழுந்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டுபவரின் மகள். எதற்கும் ஏன் என்று கேட்கிறவள். "ஏன் மிஸ்? நல்லாதான எழுதியிருக்கோம்."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நடக்காததை எழுதியிருக்கீங்க."

"அப்ப இன்னாதான் நடந்துச்சு?"

நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு மெல்லிய புத்தகத்தைச் சுலோசனா பிரித்துப் படித்தாள். ஐம்பத்து நான்காம் வருடம் அக்டோபரில் கீழூர் என்ற கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் நூற்று எழுபத்தெட்டுப் பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேர்வதற்கு நூற்று எழுபது பேர் ஆதரவாகவும் எட்டுப் பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதி ஆட்சி கைமாறியது. அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அறிவுமதி இன்னும் உட்காரவில்லை.

"மிஸ், ஒண்ணு சொல்லட்டா? கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இந்தப் பொஸ்தகம் இத்தினி நாளா நம்ம லைப்ரரியிலதான் இருந்துச்சு. நானே எடுத்துப் பாத்திருக்கேன். ஒண்ணுமே தோணல. படம் பாத்துட்டுதான் அழுதேன். வூட்டுக்குப் போயி எங்கப்பாகிட்ட, தாத்தா அப்ப இன்னா பண்ணிட்டிருந்தாருன்னு கேட்டேன். இத்தினி வருசத்துல அதைக் கேக்கணும்னு தோணவே இல்ல. அப்ப எது மிஸ் எனக்குக் கத்துக் குடுத்துச்சு?"

சுலோசனா புத்தகத்தை மூடினாள். "கேக்க வச்சது படம்தான். ஒத்துக்கறேன். ஆனா கேட்டதுக்குக் கெடைச்ச பதிலு பொய்யா இருந்தா?"

"பதிலு நெசமா இருந்து, யாருமே கேக்கலன்னா?"

வகுப்பு முழுக்கச் சுலோசனாவின் முகத்தையே பார்த்தது. "ஞாயித்துக்கிழமை கீழூர் போலாம்" என்றாள். "போயி நின்னு பாத்துட்டு வந்து சண்டை போடலாம்."

தலைமையாசிரியை ஹேமலதா நல்லவர், ஆனால் பயந்தவர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

"பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போயி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? பர்மிஷன் குடுக்க முடியாது."

"பள்ளிக்கூடத்துப் பேருல போவல மேடம். அவங்க அம்மாங்க கூட வராங்க. ஞாயித்துக்கிழமை பஸ்ல ஏறுறதுக்கு யாரு பர்மிஷனும் வேணாம்."

வில்லியனூர் வழியாகப் பஸ் பிடித்துப் போனார்கள். வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன நினைவிடம். கடல் இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை, ஏறிக் குதிக்க ஒன்றுமே இல்லை. பிள்ளைகளின் முகம் தொங்கிப் போயிற்று.

"இவ்ளோதானா மிஸ்?"

"இவ்ளோதான். வந்தாங்க. ஓட்டுப் போட்டாங்க. போனாங்க. அதோட ஒரு ராஜ்யம் முடிஞ்சிது."

சுவரில் சாய்ந்து நின்ற அறிவுமதி அந்தப் புத்தகத்தை வாங்கி மறுபடியும் படித்தாள். பிறகு கேட்டாள்.

"எட்டுப் பேரு வேணாம்னாங்களே, ஏன் மிஸ்? அவங்க யாரு?"

சுலோசனாவுக்கு மண்டையில் அடித்தாற்போல் இருந்தது. அந்த எண்ணை அவள் எத்தனையோ வருடமாகப் படித்து, படிக்க வைத்து, பரீட்சையில் கேட்டிருக்கிறாள். அவர்கள் யார் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. "பொஸ்தகத்துல இல்ல. எனக்கும் தெரியாது" என்றாள்.

அவ்வளவுதான், தொங்கிப் போயிருந்த முகங்கள் நிமிர்ந்துவிட்டன. காசு வாங்கியிருப்பாங்க என்றாள் ஒருத்தி. பயந்திருப்பாங்க என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது பெண் தன் தெருவில் உள்ள சொல்தா வீட்டைப் பற்றிச் சொன்னாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பத்துக்கு ஊரில் அப்படித்தான் பெயர். "அவங்க இப்பவும் பிரான்சுல எலெக்ஷன் வந்தா இங்கருந்தே ஓட்டுப் போடுறாங்க மிஸ். அவங்களை மாதிரி ஆளுங்க வேணாம்னு சொல்லியிருக்கலாம் இல்ல?" திரும்பி வரும்போது பஸ் முழுக்க அந்த எட்டுப் பேர்தான். அவர்கள் கெட்டவர்களா, நூற்று எழுபது பேர் ஒரு பக்கம் இருக்கும்போது மறுபக்கம் நிற்க எத்தனை துணிச்சல் வேண்டும் என்று இறங்கும்வரை விடவில்லை. கூட வந்த அம்மாக்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்த வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அறையில் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பலராமன் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது. வட்டாரத்தில் செல்வாக்குள்ள மனிதர். படப்பிடிப்புக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தவரும் அவர்தான். பள்ளியின் விடுதலை நாள் விழாவில் படத்தின் கொடிக் காட்சியை மாணவிகள் நடிக்க வேண்டும், அந்தப் படத்தில் நடித்த ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து வருகிறேன் என்று ஏற்பாடு செய்திருந்தார். அந்த நேரத்தில்தான் பரிசு கிடையாது, படம் பொய் என்ற செய்தி அவர் காதுக்குப் போயிருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் சுலோசனாவுக்குச் சங்கடமாக இருந்தது.

"டீச்சர், எங்கப்பா பேரு சின்னக்கண்ணு. ஆலைத் தொழிலாளி. விடுதலை கேட்டு ஜெயிலுக்குப் போனவரு. போலீஸ்காரன் அடிச்சி ஒரு காது போயிடுச்சு, கடைசி வரைக்கும் கேக்கல. எங்க வூட்டைத் தவிர ஒருத்தருக்கும் அது தெரியாது. இந்தப் படம் வந்தப்புறம்தான் தெருவுல நாலு பேரு வந்து, உங்கப்பாவும் அப்ப இருந்தாராமேன்னு எங்கிட்ட கேட்டாங்க. அதைப் போயிப் பொய்ன்னு சொல்லிக் குடுக்கறீங்க."

"உங்கப்பா பட்டதைப் பொய்ன்னு நான் சொல்லல சார். அந்தப் படத்துல உங்கப்பா எங்க இருக்காரு? ஆலை இருக்கா? ஜெயில் இருக்கா? எல்லாத்தையும் ஒரே ஆளு செஞ்சு முடிச்சிடறான்."

"உங்க பொஸ்தகத்துல இருக்காரா?"

"இல்ல" என்றாள்.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான். படத்துலயாவது பாட்டு இருக்கு." அவர் எழுந்து போய்விட்டார்.

அந்த வார்த்தை அவளை இரண்டு நாள் தூங்க விடவில்லை. படத்தைத் திட்டிவிட்டுப் புத்தகத்தின் பின்னால் ஒளிந்துகொள்வதில் அர்த்தமில்லை என்று பட்டது. மூன்றாம் நாள் வகுப்பில் சொன்னாள். "கொடிக் காட்சியை நடிங்க. படத்துல எப்படியோ அப்படியே. அது முடிஞ்சதும் கீழூரையும் நடிக்கிறோம். நடுவுல சின்னக்கண்ணுன்னு ஒருத்தரு வராரு."

ஓட்டை எப்படிக் காட்டுவது என்று பேச்சு வந்தது. ஒவ்வொருத்தியாக வந்து வாய்விட்டுச் சொன்னால்தான் கூட்டத்துக்குப் புரியும் என்றாள் ஒருத்தி.

"நெசத்துல அப்படியா போட்டாங்க?" என்றாள் அறிவுமதி. "அப்ப நாமளும்தான மிஸ் பொய் சொல்றோம்?"

"ஆமா. அதையும் சொல்லிட்டே செய்வோம்."

விழா மாலையில் நடந்தது. பள்ளி மைதானத்தில் பந்தல். பெற்றோர், தெருக்காரர்கள், பலராமனின் ஆட்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட நடிகர் முன்வரிசையில் நடுவில். அட்டையில் செய்த கலங்கரை விளக்கத்தின் மேல் ஒட்டுமீசையோடு அறிவுமதி ஏறிக் கொடி கட்டியபோது விசில் பறந்தது. நடிகர் எழுந்து நின்று கை தட்டினார். தலைமையாசிரியைக்கு நிம்மதி.

அறிவுமதி கீழே இறங்கி மீசையைப் பிய்த்தாள். மைக்குக்கு வந்தாள்.

"இதுவரைக்கும் நீங்க பாத்தது படம். இனிமே வரது நடந்தது. இதுவும் நாடகம்தான். நாங்க படிச்ச அளவுக்கு, கேட்டுத் தெரிஞ்ச அளவுக்கு நடிக்கிறோம். தப்பு இருந்தா வந்து சொல்லுங்க."

அடுத்து ஒரு பெண் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கை காதைப் பொத்தியிருந்தது. "எம் பேரு சின்னக்கண்ணு. பஞ்சாலையில வேலை. விடுதலை வேணும்னு கேட்டு ஜெயிலுக்குப் போனேன். கீழூர்ல ஓட்டுப் போடுற எடத்துல நான் இல்ல. எம் பேரு படத்துலயும் இல்ல, பொஸ்தகத்துலயும் இல்ல. இங்க சொல்லிட்டுப் போறேன்."

பலராமனின் தலை குனிந்தது. அதற்குப் பிறகு அவர் நிமிரவே இல்லை.

பிறகு ஓட்டு. மாணவிகள் வரிசையாக வந்து, "சேரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மெதுவாகப் போன காட்சி. கூட்டம் நெளிய ஆரம்பித்தது. அப்போது ஒருத்தி வந்து, "வேண்டாம்" என்றாள். அடுத்தவளும் "வேண்டாம்" என்றாள். நெளிந்த கூட்டம் அப்படியே உறைந்தது. மூன்றாவது, நான்காவது. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"யாரு அது வேணாங்கிறது? தேசத் துரோகத்தையா சொல்லிக் குடுக்கறீங்க?"

நாலைந்து நாற்காலிகள் நகர்ந்தன. இறக்கச் சொல்லுங்க, மைக்கை நிறுத்துங்க என்று குரல்கள். தலைமையாசிரியை பதறிப் போய்ச் சைகை காட்டினார். சுலோசனா மேடை ஏறி மைக்கைப் பிடித்தாள்.

"நிறுத்த மாட்டோம். உக்காருங்க. இன்னும் நாலு பேரு இருக்காங்க, அவங்களும் சொல்லிட்டுதான் போவாங்க. எட்டுப் பேரு வேணாம்னு சொல்ல முடிஞ்சதாலதான் அதுக்குப் பேரு ஓட்டு. எல்லாரும் ஒண்ணாத் தலையாட்டுறதுக்கு ஓட்டு எதுக்கு? அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணுங்க தேடிக்கிட்டிருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சா வந்து சொல்லுங்க."

பந்தலில் முணுமுணுப்பு அடங்கவில்லை. ஆனால் அந்த நாலு பேரும் வந்தார்கள், சொன்னார்கள், போனார்கள். நாட்டுப்பண்ணோடு விழா முடிந்தது. பலராமன் யாரிடமும் பேசாமல் காரில் ஏறிப் போனார்.

மறுநாள் காலையில் ஊரின் போன்களிலெல்லாம் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வெட்டி ஒட்டியிருந்தார்கள். எட்டு மாணவிகள் அடுத்தடுத்து "வேண்டாம், வேண்டாம்" என்கிறார்கள். உடனே சுலோசனா, "நிறுத்த மாட்டோம்" என்கிறாள். மொத்தம் அரை நிமிடம். விடுதலை வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை என்று மேலே எழுதியிருந்தது. உப்பளத்தில் கிளம்பியது காலாப்பட்டு வரை போனது. காய்கறிக்காரம்மா, "இன்னா டீச்சரம்மா, வெள்ளைக்காரனே இருந்திருக்கலாம்னு சொன்னீங்களாமே" என்று கேட்டார். படத்தைப் பழித்தவள், சினிமா என்றாலே ஆகாதவள் என்ற பேச்சும் அதோடு சேர்ந்துகொண்டது.

விசாரணைக்குக் கல்வித்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் இத்தோடு விட்டுவிடலாம் என்றார்.

"நாடகத்தைப் பாத்தீங்களா சார்?"

"அதான் எல்லாரும் பாத்தாச்சே."

"அது அரை நிமிஷம். நாடகம் முழுசா இருக்கு. பாத்துட்டு வாங்க. அதுல தப்பு இருந்தா மேடை போட்டு மன்னிப்பு கேக்குறேன். அரை நிமிஷத்துக்கெல்லாம் கேக்க முடியாது."

ஆசிரியர் அறையில் சுப்பிரமணியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இதுக்குத்தான் சினிமாவே வேணாம்னேன். ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்களேன் டீச்சர். என்ன போவுது?"

"எழுதிக் குடுத்தா அந்தப் பொண்ணுங்க சொன்னது தப்புன்னு ஆயிடும் சார்."

ஆனால் அதிகாரி கேட்டபோது, முழுதும் இருந்து பார்த்தேன், அதில் ஒரு குற்றமும் இல்லை என்று சுப்பிரமணியன்தான் முதலில் சொன்னார்.

மாணவிகளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். டீச்சர் சொல்லித்தான் அப்படிப் பேசினோம் என்று சொன்னால் போதும், உங்களுக்கு ஒன்றும் வராது என்றார்கள். "மிஸ் சொல்லல. அந்த எட்டுப் பேரைக் கேட்டது நானு" என்றாள் அறிவுமதி. மற்றவர்களும் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. காரைக்கால். வருடத்தின் நடுவில். வெற்றிவேல் உத்தரவைப் படித்துவிட்டு, "கோர்ட்டுக்குப் போலாமா?" என்றார். "போலாம். அதுக்கு முன்னாடி நான் காரைக்கால் போறேன். வேலைக்கு வரலன்னு சொல்ல வுடக் கூடாது" என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பலராமன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு விழாவை வீடியோ எடுக்க நான் ஆளு வச்சிருந்தேன். வெட்டாத வீடியோ எங்கிட்ட இருக்கு. சங்கத்து குரூப்ல போட்டேன். ஒருத்தரும் பாக்கல டீச்சர். முக்கால் மணி நேரம் ஓடுது, யாரு பாக்குறா."

"நீங்க பாத்தீங்களா?"

"நாங்க வூட்ல எல்லாரும் பாத்தோம். எங்கம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. எங்கப்பா பேரு வர எடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னாங்க." நாற்காலி நுனியிலிருந்து உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு இன்னமும் அந்தப் படம் புடிக்கும். அதை மாத்திக்க மாட்டேன். ஆனா உங்களை மாத்துனது தப்பு. ஆர்டரை நிறுத்தச் சொல்லி ரெண்டு எடத்துல சொல்லிப் பாத்தேன். நடக்கல."

"நான் உங்களைக் கேக்கலியே சார்."

"நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும்."

இருவருமே சிரித்துவிட்டார்கள்.

காரைக்காலில் தலைமையாசிரியர் அவளுடைய உத்தரவை மேசைமேல் வைத்துவிட்டு, மரியாதையாகவே சொன்னார். "உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன். இங்க அதெல்லாம் வேணாம் டீச்சர். பாடத்தை மட்டும் நடத்துங்க."

"பாடத்தை நடத்துனதுக்குத்தான் சார் இங்க அனுப்பியிருக்காங்க."

முதல் வகுப்பு பதினோராம் வகுப்புதான். பையன்களும் பெண்களும் கலந்த வகுப்பு. வருகைப் பதிவு முடிந்ததும் அந்தப் படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். எல்லாக் கைகளும் மேலே போயின.

"நல்லது. நானும் பாத்தேன். அழுதேன். உங்க ஊரு அதுல வருதா?"

யோசித்தார்கள். இல்லை என்றார்கள்.

"கீழூர்ல ஓட்டுப் போட இந்த ஊர்லேருந்தும் ஆளுங்க போயிருக்காங்க. அவங்க எந்தத் தெரு, யாரு வூடு, இன்னா சொல்லி ஓட்டுப் போட்டாங்க? யாருக்காவது தெரியுமா?"

"புக்குல இருக்கா டீச்சர்?" என்றான் ஒரு பையன்.

"கொஞ்சம் இருக்கு. மீதியை நாமதான் போயித் தேடணும்."

ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள். "டீச்சர், உங்களை அங்கேருந்து இதுக்காகத்தானே மாத்துனாங்க?"

"ஆமா."

"திரும்பவும் இதையே செய்யுறீங்களே. மறுபடியும் மாத்திட்டாங்கன்னா?"

"மாத்தட்டும். போற ஊர்லயும் பள்ளிக்கூடம் இருக்கும். நீ உக்காரு. மொதல்ல உங்க தெருவுலேருந்து ஆரம்பிப்போம்" என்று சொல்லிவிட்டு, சுலோசனா சாக்பீஸைக் கையில் எடுத்தாள்.